கற்பூரத்தின் மேல் ஒரு கை

“ஏன்க்கா, அவன் பாட்டுக்குக் கற்பூரத்த அணைச்சிட்டுப் போயிருப்பான். உன்ன யாரு வாயத் தொறக்கச் சொன்னாங்க?”

போன கோடையில் சிவசங்கரி இப்படிக் கேட்டாள். ஈஸ்வரி அன்றும் பதில் சொல்லவில்லை, அதன் பிறகும் சொல்லவில்லை. போகப் போக, கேட்பதற்கும் ஆள் இல்லாமல் போனது.

கடுக்காய் பொறுக்குகிறவர்கள் மரத்தடிச் சருகைக் கொளுத்துவது அந்த ஊரில் வழக்கம்தான். சருகு எரிந்துவிட்டால் காய் பளிச்சென்று கண்ணில் படும், குனிந்து அள்ளிக்கொள்ளலாம். போன மாசியில் யாரோ அப்படி வைத்த தீ காற்றோடு மேலேறி, மேல்காட்டையே தின்றுவிட்டது. தேன்கூடுகள் போயின. ஊருக்குத் தண்ணீர் தரும் சுனை பங்குனிக்குள் சேறாகிவிட்டது.

யார் செய்தார்கள் என்று தெரியாத தப்புக்கு அந்த ஊரில் ஒரு வழி உண்டு. காளியம்மன் கோயில் வாசலில் கற்பூரம் ஏற்றுவார்கள். ஆண்கள் ஒவ்வொருவராக வந்து, ‘நான் செய்யவில்லை’ என்று சொல்லி உள்ளங்கையால் அதை அணைக்க வேண்டும். பொய் சொல்லி அணைத்தவன் அடுத்த மழையைப் பார்க்க மாட்டான். இதில் ஊரில் ஒருவருக்கும் சந்தேகமில்லை.

லட்சுமணன் கற்பூரத்தின் மேல் கையைக் கொண்டுபோனபோதுதான் பெண்கள் பக்கமிருந்து ஈஸ்வரி கத்தினாள்.

“நிறுத்துங்க! தீ வெச்சது அவன்தான். நான் கண்ணால பாத்தேன்.”

அவனை வனத்துறை ஜீப்பில் ஏற்றிப் போனார்கள். கேஸ், ஜெயில். அடுத்த ஊர்க் கூட்டத்தில் ஒரு வனத்துறை அதிகாரி ஈஸ்வரிக்குச் சால்வை போர்த்தி, “ஊருக்கு ஒருத்தர் இப்படி இருந்தா போதும், மலை பொழச்சிக்கும்” என்றார். கை தட்டியவர் அவர் ஒருவர்தான்.

அதன் பிறகு ஊர் திருந்தியது உண்மை. சருகைக் கூட்டி ஒதுக்கிவிட்டுக் காய் பொறுக்கினார்கள். காட்டோரமாக அகலமாய்ப் புல்லைச் செதுக்கித் தீயின் வழியை அடைத்தார்கள். இரண்டிரண்டு பேராக முறை போட்டுக் காவல் போனார்கள். ஈஸ்வரியின் முறைக்கு மட்டும் ஜோடி சேர ஆள் வரவில்லை. தீ கண்டால் அடித்து அணைக்க ஒரு பச்சைக் கிளையை ஒடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, தனியாகப் போய்த் தனியாக வந்தாள்.

இந்தப் பங்குனியில் சுனையில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. இன்று காலை அவள் குடத்தோடு போனபோது அங்கே ஒரே சிரிப்புச் சத்தம். அவளைக் கண்டதும் நின்றுவிட்டது.

“இன்னாத்துக்கு நிறுத்திட்டீங்க? பேசுங்கடி” என்றாள்.

“உன் எதிர்ல பேசிட்டு, நாளைக்கு அதையும் நீ கோயில் வாசல்ல கத்தவா? நமக்கு எதுக்குமா வம்பு” என்றாள் திரௌபதி. குடங்கள் இடுப்பேறின. பெண்கள் போய்விட்டார்கள்.

சிவசங்கரி மட்டும் பின்தங்கினாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை என்று தெரிந்த பிறகு பக்கத்தில் வந்தாள்.

“லட்சுமணன விட்டுட்டாங்களாம்க்கா. சாயங்காலம் போளூர் பஸ்ஸுல வர்றானாம்.”

ஈஸ்வரி குடத்தைத் தண்ணீருக்குள் அமிழ்த்திப் பிடித்தபடியே இருந்தாள். “யாரு சொன்னாங்க?”

“நம்ம தெரு சந்திரன்தான். மலைக்குக் கீழ சந்தவாசல்ல பாத்தானாம். ‘மொதல்ல அவளப் பாக்கணும்’னு சொன்னானாம். மூஞ்சியே செரியில்லியாம்.”

“வரட்டும்.”

“இன்னா வரட்டும்? ஆத்திரத்துல இன்னா பண்ணுவானோ! கதவச் சாத்திட்டு எங்க வூட்டுக்கு வந்துடு.”

“உன் வூட்டுக்காரரு உள்ள விடுவாரா?”

சிவசங்கரி தலையைக் குனிந்துகொண்டாள். “கொல்லப்பக்கமா வா.”

ஈஸ்வரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “போடி. என் வூட்டு வாசல்ல ஒரு ஆளு வந்து நின்னு எத்தினி நாளாச்சி. அடிக்க வந்தாலும் வரட்டும்.”

அன்று சாயங்காலம் அவள் கதவைச் சாத்தவில்லை. சாமைச் சோறு வடித்து, மொச்சைக் குழம்பு வைத்தாள். பஸ் வந்து திரும்பும் சத்தம் கேட்டது. தெருவில் கதவுகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. யாரென்று அவள் எட்டிப் பார்க்கத் தேவையிருக்கவில்லை.

லட்சுமணன் வாசலில் வந்து நின்றான். தாடியும் குழி விழுந்த கன்னமுமாக, பாதி ஆளாகியிருந்தான்.

“உள்ள வா.”

அவன் அசையவில்லை.

“அடிக்கணும்னா அடி. சோறு ஆறிடும், தின்னுட்டு அடி.”

தட்டில் சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றி நகர்த்தினாள். அவன் தட்டைப் பார்க்கவில்லை, அவளையே பார்த்தான். ஊரே கேட்டும் வராத பதில் அப்போதுதான் அவள் வாயில் வந்தது.

“மலைக்காகச் சொன்னேன்னு சால்வ போத்துனாங்க. எனக்கு மலையும் தெரியல, சுனையும் தெரியல. கற்பூரத்து மேல போன உன் கைதான் தெரிஞ்சிது. காடு எரிஞ்சா மழைக்குத் தழைச்சிக்கும். பொய்ச் சத்தியம் பண்ணி நீ போய்ட்டா, எனக்கு இன்னொரு புள்ள ஏதுடா?”

லட்சுமணன் உள்ளே வந்தான். அவள் துவைத்துக் கொடியில் மடித்துப் போட்டிருந்த தன் சட்டைகளை உருவிப் பைக்குள் திணித்துக்கொண்டு, சோற்றுத் தட்டைத் தாண்டிப் படியிறங்கிப் போனான்.