பலகையில் கத்தக் கூடாது

"விடடா அவனை" என்று சொல்லிக்கொண்டே அன்டன் ஹொக்கி மட்டையை வீசினான். தடியனின் முழங்கை முறிந்த சத்தம் மொன்றியல் பஸ் நிலைய வாசலில் நின்ற எல்லோருக்கும் கேட்டது.

தடியன் அப்போதும் பிடியை விடவில்லை. ரொறன்ரோ பஸ்ஸில் வந்து இறங்கிய மெலிந்த பொடியன் ஒருவனைப் பின்னாலிருந்து இடுப்போடு கட்டிப் பிடித்திருந்தான். பொடியன் குழறிக் குழறித் துள்ளினான்.

கொலை செய்ய வந்தவனுக்கு என்ன இரக்கம்? அன்டன் அடுத்த அடியை மண்டையில் போட்டான். பனியில் ரத்தம் கொட்டியது.

அன்டன் சண்டியன் இல்லை. வில்லரேயில் ஒரு நிலக்கீழ் அறையில், டெலிபோன் வயரில் மோடெத்தைக் கொழுவி, மொன்றியல் தமிழருக்கென்று ஒரு கொம்பியூட்டர் பலகை நடத்துகிறவன். தொண்ணூற்றைந்தாம் ஆண்டு, இன்டர்நெட் என்ற சொல்லே பலருக்கு வாயில் நுழையாத காலம். வீட்டுக் கொம்பியூட்டரிலிருந்து அன்டனின் டெலிபோன் நம்பருக்கு அடித்தால் பலகையில் செய்தி போடலாம், மற்றவர்கள் போட்டதை வாசிக்கலாம்.

தமிழ் எழுத்து வராது. தமிழை இங்கிலிஷ் எழுத்தில்தான் அடிக்க வேண்டும்: சின்ன எல் (l) என்றால் 'ல', பெரிய எல் (L) என்றால் 'ள'. பள்ளிக்கூடத்துக்குப் பெரிய எல் போட மறந்து 'பல்லிக்கூடம்' ஆக்கிய ஆனந்தராசா இன்னமும் நக்கல் வாங்கிக்கொண்டிருக்கிறார்.

நக்கல் எல்லாம் பழைய ஆட்களுக்குத்தான். புதிதாக வருகிறவரை ஒருவரும் நோகடிக்கக் கூடாது என்பது அன்டனின் சட்டம். வெள்ளைக்காரரின் பலகை ஒன்றில் முதல் நாளே வாங்கிய ஏச்சு அவனுக்கு மறக்கவில்லை. "புது ஆளைக் கலைச்சால் நான் உன்னைப் பலகையிலையிருந்து கலைப்பன்" என்பான், சொன்னபடி செய்தும் இருக்கிறான்.

போன கிழமை 'மின்னல்' என்று ஒரு புதுப் பெயர் வந்தது. 'கரடி, உன்ரை போன் எப்பவும் பிஸி. இதைப் பாத்தால் பதில் போடு' என்று முழுக்க முழுக்கப் பெரிய எழுத்தில் ஒரு செய்தி. கரடி என்பது லவாலில் இருக்கும் பழைய ஆளின் பட்டப்பெயர். எந்த நேரமும் பலகையிலேயே கிடப்பான், ஆனால் அன்டன் முகம் கண்டதில்லை.

அன்டன் மின்னலுக்குத் தனியாக எழுதினான். 'வாங்கோ, வந்தது சந்தோசம். பெரிய எழுத்திலை அடிச்சால் இங்கை கத்துற மாதிரி. சின்னனிலை அடிச்சால்தான் மரியாதை. குறை நினையாதேங்கோ.'

அதற்கு மேல் சட்டம் படிப்பித்து, வந்த ஆளைப் பயப்படுத்துவானேன் என்று விட்டுவிட்டான். மின்னல் உடனே நன்றி எழுதியது, சின்ன எழுத்தில். புது ஆளை நோகடிக்காமல் திருத்திவிட்டேன் என்று அன்டனுக்குப் பெரிய புழுகம்.

வெள்ளிக்கிழமை மின்னல் கரடிக்கு இன்னொரு செய்தி போட்டது. அன்டன் அதை இரண்டு தரம் வாசித்தான்.

'றொக்சன் சனி பின்னேரம் ரொறன்ரோ பஸ்ஸிலை வாறான். சத்தம் கேட்டால் ஓடப் பாப்பான். விடாதை. பிடிச்சுக் கொல்லு.'

தமிழ்ப் பொடியள் கோஷ்டி கோஷ்டியாக வாளோடு திரிந்த வருடம் அது. தன் பலகையிலேயே ஒரு கொலைக்கு நாள் குறிக்கிறார்கள். இதைப் பொலிசுக்கு எந்தப் பாசையில் விளங்கப்படுத்துவது? யாரோ பெற்ற பிள்ளையைச் சாக விடவும் அவனுக்கு மனமில்லை. அன்டன் ஹொக்கி மட்டையை எடுத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் போனான், வந்த ஒவ்வொரு பஸ்ஸையும் பார்த்துக்கொண்டு நின்றான்.

மண்டையில் விழுந்த அடியோடு தடியனின் கைகள் கழன்றன.

"ஓடு தம்பி, ஓடு" என்று அன்டன் கத்தினான்.

பொடியன் ஓடினான், நேராகத் தெருவுக்கு. பனி அள்ளும் லொறி பிரேக் பிடித்தும் வழுக்கிக்கொண்டே வந்தது.

நாலைந்து பேர் சேர்ந்து லொறிக்கு அடியிலிருந்து இழுத்தபோது அவனில் மூச்சில்லை.

ரத்தத்துக்குள் கிடந்த தடியன் "றெபேக்கா அக்கா" என்று முனகினான். ரொக்ஸ்பரோவில் டெப்பனர் என்கிற மூலைக்கடை ஒன்றில் வேலை முடித்த அதே உடுப்போடு, ஒரு பெண் அப்போதுதான் ஓடி வந்துகொண்டிருந்தாள். அவள் செத்தவனின் தலையைத் தூக்கி மடியில் வைத்தாள்.

அன்டன் மட்டையைப் போட்டுவிட்டுக் கிட்டப் போனான். "தங்கச்சி, நான் பலகை நடத்துற அன்டன். இவரைக் காப்பாத்தத்தான் வந்தனான். மின்னல் எண்டொரு ஆள் இவரைக் கொல்லச் சொல்லி எழுதினது."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"மின்னல் நான்தான். இவன் என்ரை தம்பி. ஊரிலை கொண்டுபோய் முகாமிலை வைச்சு அடிச்ச நாளிலையிருந்து, சத்தம் கேட்டால் ரோட்டெண்டும் பாராமல் ஓடுவான். எனக்குக் கடையிலை லீவு தரேல்லை. பிடிச்சுக்கொள்ளு எண்டு சித்தியின்ரை மகன் அம்புறோசுக்கு, உங்கடை பலகையிலை இருக்கிற கரடிக்கு, எழுதினன்."

அம்புறோஸ் முறிந்த கையை நெஞ்சோடு அணைத்தபடி கிடந்தான். பொலிஸ் வண்டியின் சத்தம் கிட்டக் கிட்ட வந்தது.

"கொள்ளு இல்லை, தங்கச்சி. கொல்லு எண்டுதான் இருந்தது" என்றான் அன்டன். "சின்ன எல்."

அவள் கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள்.

"பெரிய எழுத்து மரியாதையில்லையெண்டு நீங்கள்தானே அண்ணை சொன்னனீங்கள்."