ஊதி அணைத்த கற்பூரம்

அமாவாசைக் காலை. சேலத்துக்கு டயாலிசிஸ் போக வேண்டிய அம்மா வீங்கிய கால்களோடு காரின் பின்சீட்டில் இருக்கிறாள். அப்பா சாவியைத் திருப்பியதும் இன்றும் அதே பெட்ரோல் வாடை. அப்பா கூப்பிட்டு வந்த மெக்கானிக் குழந்தைவேல் பானெட்டைத் திறந்து குனிகிறார். "பெட்ரோல் டியூபை எலி கடிச்சிருக்குதுங்க. சாவி போட்டாச் சொட்டுது பாருங்க." வெயிலில் ஒரு சொட்டு மின்னி விழுகிறது. அமாவாசைக்கு வண்டிக்குக் காட்டவென்று அத்தை எரியும் கற்பூரத் தட்டோடு வருகிறாள். குழந்தைவேல் பாய்ந்து போய் வாயால் ஊதி அணைக்கிறார். "ஏனக்கா, உள்ள ஆளு இருக்கறப்பவே கொளுத்தப் பாக்கறீங்களா?" அத்தையின் குரல் உடைகிறது. "சீக்காளி போற வண்டி சாமி இது. வாயில ஊதி அணைச்சுப்போட்டியே!" குழந்தைவேல் புது டியூபை மாட்டி, கிளிப்பை முறுக்கி, சிந்தியதைத் துணியால் துடைக்கிறார். என்ஜின் ஓடுகிறது. சொட்டவில்லை, வாடையும் மெல்லக் குறைகிறது. "இனிப் பயமில்லீங்க, கெளம்புங்க." அத்தை தட்டை முந்தானையால் மூடுகிறாள். அதற்குள் பாதி எரிந்த கற்பூரத்தை அம்மா பார்த்துவிட்டாள். "போலாமுங்க" என்று அப்பாவிடம் சொல்கிறாள். நான் கதவைச் சாத்த வேண்டும். அம்மா என் விரல்களை விடவில்லை.