பின்னால் உட்காருகிறவரையும் கூட்டி வரவும்

ஹெல்மெட்டோடு எடை மெஷினில் ஏறி நின்றான்.

எழுபத்தொன்பது.

ராயப்பன் அதை ஓர் அட்டையில் எழுதிக்கொண்டார். பைக் இன்ஜின்களுக்கு டியூனிங் செய்கிறவர். ஓட்டுகிற ஆளின் எடையைப் பார்க்காமல் எந்தப் பெட்டியையும் கையில் எடுக்க மாட்டார். பின்னால் உட்காருகிற ஆளின் எடையும் வேண்டும். கூட்டிக்கொண்டு வரும்படி போனிலேயே சொல்லியிருந்தார்.

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

சரிங்கண்ணா என்று சொல்லி வைத்துவிட்டான்.

மேசையில் இரண்டு பெட்டிகள் இருந்தன.

சைலன்சரையும் ஏர் ஃபில்டரையும் மாற்றிய நாளிலிருந்து வண்டிக்குப் பெட்ரோல் போதவில்லை. முறுக்கினால் திக்கியது. வேண்டிய அளவு பெட்ரோலைக் கணக்குப் பார்த்துக் கொடுக்கத்தான் இந்தப் பெட்டி. அந்தக் கணக்குக்கு மேப் என்று பெயர். சின்னப் பெட்டியில் ஒரு மேப்தான் ஏற்ற முடியும். பெரியதில் இரண்டு. தனியாகப் போனால் ஒன்று, பின்னால் ஆள் இருந்தால் இன்னொன்று. மாற்றிக்கொள்ள ஹேண்டில்பாரில் ஒரு சுவிட்ச்.

அவனுக்கு வேண்டியது சின்னதுதான்.

வண்டியில் பின் சீட்டே கிடையாது.

ஒன்றரை வருஷத்துக்கு முன் பின்பக்கச் சட்டத்தை அறுத்து எடுத்துவிட்டான். வால் குட்டையாக இருந்தால்தான் அழகு என்று எல்லோரும் சொன்னார்கள். அழகாகத்தான் இருந்தது. படம் போட்டதும் லைக் குவிந்தது. அதுவரை யாமினி அவன் பின்னால் உட்கார்ந்துதான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். மறுநாளிலிருந்து பஸ்.

கல்யாணமாகி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது.

அவள் ஒரு சண்டை போட்டிருந்தால் அவனுக்கு இவ்வளவு உறுத்தியிருக்காது.

இன்று காலை அவளிடம், நீயும் கடைக்கு வரணும், உன் எடையும் கேட்கிறார்கள் என்றான். அவள் நிமிர்ந்து பார்த்தாள். எதற்கு என்று கேட்கவில்லை.

அவன் பைக்கில் வந்தான். அவள் பஸ்ஸில் வந்தாள்.

எப்போதும் சேலை கட்டுகிறவள் சுடிதாரில் வந்திருந்தாள். துணிப்பையைத் திறந்து தன் பழைய ஹெல்மெட்டை எடுத்தாள். தூசி தட்டித் துடைத்து வைத்திருந்தாள்.

அவனுக்கு அப்போதுதான் புரிந்தது. பின் சீட்டைத் திரும்பப் போடப் போகிறான் என்று நினைத்துவிட்டாள். பின்னே எதற்கு அவள் எடையைக் கேட்பார்கள்?

சீட்டை அறுத்துவிட்டேன் என்று சொல்லி முன்பின் தெரியாத ஒருவரிடம் மானம் போய்விடக் கூடாது என்று பெண்டாட்டியை பஸ் ஏற்றி வரவழைத்திருக்கிறான். தன்மேல் அவனுக்கே அருவருப்பாக இருந்தது.

அவள் மெஷினில் ஏறினாள்.

ஐம்பத்தாறு.

இரண்டு கிலோ கூடிவிட்டது, வண்டி தாங்குமா என்று ராயப்பனைக் கேட்டுச் சிரித்தாள். அவரும் சிரித்துக்கொண்டே, வெயிலில் நின்ற வண்டியைப் பார்க்க வெளியே போனார்.

திரும்பி வரும்போது சிரிப்பு இல்லை.

"அம்மிணி எங்கீங்க உக்காருவாங்க?"

அவளும் அவனைப் பார்த்தாள்.

அறுத்த இடத்தில் ஒட்டவைக்க முடியுமா என்று கேட்டான். ஒட்டுப் போட்ட சட்டத்தின் மேல் ஓர் உயிரை உட்காரவைக்க மாட்டேன் என்றார் ராயப்பன். முழுச் சட்டத்தையும் புதிதாகப் போடலாம். நான்கு நாள் வேலை. என்ன, வண்டி பழையபடி கடையில் வாங்கியது மாதிரி ஆகிவிடும்.

அவன் வெளியே பார்த்தான். குட்டை வால் வெயிலில் மின்னியது.

பெரிய பெட்டியை எடுத்து அவரிடம் நகர்த்தினான். இரண்டு மேப்பும் ஏற்றச் சொன்னான்.

"அப்ப சீட்டு?" என்றாள் யாமினி.

"பார்க்கலாம்."

அவள் ஹெல்மெட்டைத் துணிப்பைக்குள் வைத்தாள்.

வேலை முடிய மத்தியானம் ஆனது. அதுவரை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். ராயப்பன் வாங்கிக் கொடுத்த டீயை முழுதாகக் குடித்தாள். அவன் மட்டும்தான் குடிக்க முடியாமல் வைத்திருந்தான்.

உக்கடம் பஸ் ஸ்டாண்டில் பொள்ளாச்சி பஸ் நின்றது. அவள் அம்மா வீட்டுக்குப் போகிற பஸ். போகிற வழியில், இவர்கள் வீடு இருக்கும் சுந்தராபுரத்திலும் நிற்கும். அவள் ஏறிக் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள்.

அவன் பஸ்ஸுக்குப் பின்னாலேயே போனான்.

வண்டி வெண்ணெய் மாதிரி ஓடியது. இரண்டு முறை முறுக்கிப் பார்த்தான், ஓரிடத்திலும் திக்கவில்லை. ஒரே நொடியில் பஸ்ஸைத் தாண்டியிருக்கலாம். மனம் வரவில்லை. பஸ்ஸின் புகையைக் குடித்துக்கொண்டு போனான்.

சுவிட்சை இரண்டாவது மேப்புக்குத் தள்ளினான். பின்னால் ஆள் இருக்கிறது என்று நம்பிக்கொண்டு வண்டி இழுத்தது. வெட்கமாக இருந்தது. முதலாவதற்கே மாற்றினான்.

பஸ்ஸின் பின் கண்ணாடி வழியாக அவள் தலை தெரிந்தது.

சுந்தராபுரத்தில் அவள் இறங்கியதும் சொல்லிவிட வேண்டும். நாளைக்கே வண்டியைக் கொண்டுபோய் விடுகிறேன், சட்டம் போடட்டும், வாலாவது மண்ணாவது. இரண்டு முறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தான். ஹெல்மெட்டுக்குள் நன்றாகத்தான் கேட்டது.

சுந்தராபுரத்தில் பஸ் நின்றது. அவனும் ஓரமாக நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றினான்.

ஒரு கிழவர் இறங்கினார். கூடையோடு இரண்டு பெண்கள் இறங்கினார்கள். பள்ளிக்கூடப் பெண் ஒருத்தி இறங்கினாள்.

கண்டக்டர் விசில் அடித்தார்.

யாமினி எழுந்திருக்கவே இல்லை.