எந்தப் பக்கம்?

"ஐயம்பேட்டைன்னா, அங்க எந்தப் பக்கம்மா?"

சிம்ரன் மனசுக்குள் சிரித்துக்கொண்டாள். இந்த வீட்டிலும் அதே கேள்வி.

"காலனிப் பக்கம் சார்," என்றாள் பளிச்சென்று.

அவள் தெருவையே மேடையாக்கி நிகழ்ச்சி செய்கிற கலைஞர். இந்தத் தடவை நிகழ்ச்சியின் பெயரே 'எந்தப் பக்கம்?' காஞ்சிபுரத்தில் 'வீடு வாடகைக்கு' என்று பலகை தொங்கும் வாசல்களில் போய் நிற்பாள். என்ன கேட்டாலும் உண்மையைத்தான் சொல்ல வேண்டும், கோபப்படவே கூடாது. அது அவளே போட்டுக்கொண்ட விதி. நண்பன் லோகேஷ் எதிர் டீக்கடையிலிருந்து மொபைலில் படம் பிடிப்பான். சென்னையில் ஒரு கலைவிழாவில் திரையிடுவதாக ஏற்பாடு.

ஹாஸ்டலை இந்த மாதத்தோடு காலி செய்ய வேண்டியிருந்ததால் அவளுக்கு நிஜமாகவே வீடும் தேவைப்பட்டது. கிடைத்தால் குடித்தனம், கிடைக்காவிட்டால் கலை.

வீட்டுக்காரர் மாணிக்கவாசகம் கேட்டைத் திறக்காமலே நின்றார். நெற்றி நிறைய விபூதி. பக்கத்து மாடியில் துணி உலர்த்த வந்த கிருஷ்ணவேணியம்மாள், உதறிய புடவையையே மறுபடியும் உதறிக்கொண்டிருந்தார்.

மற்ற வீடுகளில் 'காலனி' என்று சொன்னதுமே, ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் குடிவரப் போவதாகச் சொல்லிப் பேச்சை முடித்துவிடுவார்கள். இவர் விடுகிற மாதிரி தெரியவில்லை.

"காலனில வாட்டர் டேங்குக்கு முன்னாடியா, டேங்கைத் தாண்டியா?"

அடேயப்பா! இவ்வளவு நுணுக்கமாக யாருமே குடைந்ததில்லை.

"தாண்டி சார். கடைசி சந்து."

"அப்பா பேரு?"

"வீராசாமி."

"என்ன பண்றாரு?"

"இல்ல சார். போன மாசி மாசம் தவறிட்டாரு."

மாணிக்கவாசகம் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். மாடியை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார்.

"வீடு கிடையாதும்மா! எங்க பொண்ணு வரப் போறா!" என்றார், தெருவுக்கே கேட்கும்படி.

"சரிங்க சார்." விதிப்படி சிரித்த முகத்தோடு ரோட்டைக் கடந்து வந்தாள்.

"செம, சிம்ரன்!" லோகேஷுக்குத் தலைகால் புரியவில்லை. "சந்து வரைக்கும் கேட்டுட்டாருபா மனுசன். விழால இதுக்குத்தான் கை தட்டப் போறாங்க. ஏய்... அங்க பாரேன்!"

வாசல் குழாயடியில் மாணிக்கவாசகம் போட்ட சட்டையோடு உட்கார்ந்து, வாளித் தண்ணீரைத் தலையில் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"உன்கிட்ட நின்னு பேசினதுக்கே தலை முழுவுறாரு! நான் எடுத்துக்கினுதான் இருக்கறேன்."

மாடியிலிருந்து கிருஷ்ணவேணியம்மாள் மெச்சுகிற குரலில், "வெந்நீர்ல குளிக்கக் கூடாதாண்ணா? சளி புடிச்சுக்கப் போவுது," என்றார்.

விதியாவது ஒன்றாவது! சிம்ரன் விடுவிடுவென்று திரும்பிப் போய்க் கேட்டின் முன் நின்றாள்.

"உங்க கேட்டைக்கூட நான் தொடல சார்! அப்புறம் எதுக்கு இந்தக் குளியல்? சொல்லுங்க, கேமரா ஓடிக்கினு இருக்குது!"

அவர் வாளியை வைத்துவிட்டு எழுந்து வந்தார். சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டியது. மாடியில் கிருஷ்ணவேணியம்மாள் நன்றாக எட்டிப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று சிம்ரன் தயாராக நிமிர்ந்து நின்றாள்.

மாணிக்கவாசகம் மாடிக்கு முதுகைக் காட்டியபடி, அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில் கேட்டார்:

"சாவும்போது என் தம்பி என்னிய கேட்டுக்கினு இருந்தானாம்மா?"