சாராள் எடுத்த டிக்கெட்

சாராளை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது ஆஸ்பத்திரியில். துணைக்கு இருந்த சாமுண்டீஸ்வரி அவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். கதவு வரை போய்விட்ட என்னை சாராள் கூப்பிட்டாள்.

"பர்ஸை மறந்துட்டுப் போறீங்க. நான் இல்லைன்னா என்ன பண்ணுவீங்க?"

வாங்கிக்கொண்டு கிளம்பினேன். வீடு சேருமுன் போன் வந்துவிட்டது.

அடக்கம் முடிந்து மூன்றாம் வாரம். கல்லறைத் தோட்டத்துக்கு பஸ்ஸில் போய்த் திரும்பியவன், அலமாரியில் இருந்த அவள் போனைப் பார்த்தேன். ஒரு மெசேஜ். சாராளின் பேங்க் கார்டில் டவுன் பஸ் டிக்கெட். அன்று காலை பத்தே கால் மணிக்கு.

அவள் கைப்பையில் தேடினேன். கார்டு இல்லை.

நான்கு நாள் கழித்து இன்னொரு டிக்கெட். பிறகு இன்னொன்று. நான் கல்லறைக்குப் போகிற நாட்களில்தான் வந்தது. யாரோ என் கூடவே பஸ் ஏறுகிறார்கள்.

"கார்டை பிளாக் பண்ணுங்கப்பா," என்றாள் மகள் ஹெப்சி, பெங்களூரிலிருந்து.

"பண்றேன்மா." பண்ணவில்லை. பண்ணிவிட்டால் அந்த போனுக்கு அப்புறம் எதுவுமே வராது.

"ஆஸ்பத்திரியில அம்மா பக்கத்துல இருந்தது யாரு?"

சாமுண்டீஸ்வரிதான். இப்போது எனக்குச் சமைக்கிறாள். பத்து மணிக்கு வேலை முடித்து, பீர்க்கன்கரணை வீட்டுக்குப் போக அதே பஸ்ஸைத்தான் பிடிப்பாள்.

கேட்டேன். அவள் அழவில்லை.

"டவுன் பஸ்ல லேடீஸ் ஃப்ரீ சார். அம்மா கார்டு எனக்கு இன்னாத்துக்கு?"

"உன் வீட்டுக்காரர் பஸ்ல போறதில்லையா?"

 தூறலில் குடையைக்கூட எடுக்காமல் இறங்கிப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் விட்டதும் மூன்று பேரிடம் சொன்னேன். அதன்பின் காலனியில் யாரும் அவளை வேலைக்குக் கூப்பிடவில்லை.

டிக்கெட் நிற்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை சாராளின் போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஏறினேன். சத்தம் வரும் நிமிடத்தில் ஆளைப் பிடித்துவிடலாம்.

"எங்க சார்?" கண்டக்டர் மெஷினை நீட்டினார்.

"பீர்க்கன்கரணை."

வழக்கம்போல் பர்ஸை அதன்மேல் வைத்தேன்.

நெஞ்சருகே போன் அதிர்ந்தது. சாராள் டிக்கெட் எடுத்துவிட்டாள்.

 திரும்பினேன். பின் சீட் காலி.

"இப்ப வேற யாரு கார்டு வச்சாங்க?"

"நீங்கதான் சார் வச்சீங்க." சிரித்தார். "ரெண்டு கார்டு கீதுங்களா உள்ள? பர்ஸோட வச்சா மெஷினுக்கு எது மாட்டுதோ அத எடுத்துக்கும். ஒண்ண மட்டும் வெளிய எடுத்து வைங்க."

பிரித்தேன். என் கார்டுக்குப் பின்னால் அவளுடையது. மேலே ஒரு துண்டுத் தாளில் அவள் கையெழுத்து: 'சில்லறைக்கு அல்லாடாதீங்க.'

பீர்க்கன்கரணையில் இறங்கி விசாரித்துப் போனேன். சாமுண்டீஸ்வரி வீட்டில் பூட்டு.

"வேலை கெடைக்கலன்னு காலி பண்ணிட்டாங்க சார்," என்றாள் பக்கத்து வீட்டுப் பெண். "யாரோ திருடின்னு பட்டம் கட்டிட்டாங்களாமே. நீங்க யாரு?"

அவள் குடை எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது.