இருமல் மருந்து

"முதல்ல நீங்க மாஸ்க்கைப் போடுங்க" என்றார் டாக்டரம்மா. சொன்னது நோயாளியிடம் இல்லை, கூட வந்த கணவரிடம்.

பஸ் ஓட்டுகிற மனிதர். வெளியே வரிசையில் இருந்தவரைக்கும் நர்ஸிடம் வாய் ஓயாமல் கதையளந்துகொண்டிருந்தார். உள்ளே வந்து உட்கார்ந்ததும் இருமல் பிடித்துக்கொண்டது.

"ஏசி ஒத்துக்கல டாக்டரம்மா."

"இவங்க உடம்புல இப்ப எதையும் எதிர்க்கிற சக்தி கிடையாது. இருமல் போறவரைக்கும் தனியாப் படுங்க."

பிள்ளை மாதிரி தலையாட்டினார். தையல்காரியான மனைவி அவரை முறைத்துவிட்டுக் கைகளை மேஜைமேல் நீட்டினாள்.

அவளுடைய மார்புக் கட்டி ஈரலுக்கும் பரவி, பழைய மருந்துகள் எல்லாம் கைவிரித்த பிறகு வந்தது இந்தப் புது மருந்து. கட்டிகள் பாதியாகச் சுருங்கியிருந்தன. ஆனால் அது விரல் நரம்புகளையும் விட்டுவைப்பதில்லை. மரத்துப்போவது அதிகமானால் மருந்தை நிறுத்தியே ஆக வேண்டும் என்று போன தடவையே சொல்லியாயிற்று. நிறுத்தினால் அடுத்துக் கொடுக்க டாக்டரம்மா கையில் ஒன்றும் இல்லை.

"விரல்ல என்ன இவ்வளவு காயம்?"

"தையல் ஊசிதாம்மா. அவசர வேலை."

"சரி, கண்ணை மூடிக்கோங்க. நான் குத்தினா சொல்லுங்க."

மழுங்கிய ஊசியால் கட்டைவிரல் நுனியைத் தொட்டார்.

"குத்துது."

அடுத்த விரல். "குத்துது." சும்மா தொடாமலும் இருந்து பார்த்தார். அவள் வாயைத் திறக்கவில்லை. நடுநடுவே அந்த மனிதரின் இருமல் வேறு. டாக்டரம்மாவுக்கு எரிச்சலாக வந்தது. அடுத்து பாதத்தைச் சோதிக்கக் குனிந்தார். கணவர் மறுபடியும் இருமினார்.

"குத்துது" என்றாள் அவள்.

"நான் இன்னும் தொடவே இல்லையேம்மா."

அவள் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தாள். "பயத்துல உளறிட்டேன்."

கணவர் மாஸ்க்கின் ஓரத்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கால் விரல்களுக்கெல்லாம் அவள் சரியாகவே பதில் சொன்னாள்.

"நரம்பு தாக்குப்பிடிக்குது. இன்னைக்கும் மருந்து ஏத்திடலாம்" என்று கையெழுத்துப் போட்டார் டாக்டரம்மா. பல நாளைக்குப் பிறகு ஒரு நல்ல வார்த்தை சொல்ல வாய்த்ததில் அவருக்கே கண் கலங்கியது. இருவரும் கும்பிட்டுவிட்டு வெளியே போனார்கள்.

பாவம், அந்த மனிதரிடம் சிடுசிடுத்துவிட்டோமே என்று இருந்தது. ஒரு சீட்டில் இருமல் மருந்தை எழுதி, தாமே எடுத்துக்கொண்டு எழுந்து போனார்.

தாழ்வாரத்து பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தாள். கணவர் தரையில் மண்டியிட்டு அவளுடைய செருப்பு வாரைப் பூட்டிக்கொண்டிருந்தார். மாஸ்க் கழுத்தில் தொங்கியது. இருமலைக் காணோம்.

பின்னால் யார் வந்து நிற்கிறார்கள் என்று இருவருமே பார்க்கவில்லை. அவள் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

"அவங்க குத்தாதப்ப ஏங்க இருமினீங்க?"