பரவால்ல மேடம்

மகள் பின் சீட்ல ஏறிக் கதவைச் சாத்தறதுக்குள்ள அப்பா ஆரம்பிச்சுட்டார்.

"எழுநூத்தி இருபதுக்கு இருநூத்தித் தொண்ணூத்தெட்டு. மெசேஜ் வந்துடுச்சு. மறைக்கலாம்னு நினைக்காத."

"எங்கப்பா மறைச்சேன்? இப்பதான் ஏறினேன்."

அப்பா டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். ஸ்டியரிங் பிடிச்சிருந்தது தபால் ஆபீஸ்ல வேலை பாக்கற ஒரு மேடம். ஏற்கெனவே ஒரு தடவை லைசன்ஸ் டெஸ்ட்ல தோத்தவங்க. அடுத்த வாரம் மறுபடி டெஸ்ட். அவங்க கிளாஸ் போற வழியிலதான் மகளோட கோச்சிங் சென்டர். அதனால சாயந்திரம் அவளையும் ஏத்திக்கிட்டு வர்றது வழக்கம்.

"மெடிக்கல் என்ட்ரன்ஸுக்கு இன்னும் இருபத்திநாலே நாள். மாதிரிப் பரீட்சையிலயே இந்த லட்சணம்னா..." அப்பா முழுசா பின்னாடி திரும்பினார்.

வண்டி ஒரு குலுக்கு குலுங்கி நின்னுடுச்சு.

"ஆஃப் ஆயிடுச்சு சார்," மேடம் சொன்னாங்க.

அப்பா முன்னாடி திரும்பினார். குரலும் இறங்கிடுச்சு. "பரவால்ல மேடம். கிளட்ச்சை டக்குனு விட்டுட்டீங்க. நிதானமா எடுங்க, ஒண்ணும் அவசரமில்ல."

பின்னாடி பஸ் ஹார்ன் அடிச்சுது. அப்பா ஜன்னல் வழியா கையை நீட்டி, "கத்துக்கறாங்கல்ல, பொறுய்யா"ன்னார்.

வண்டி கிளம்பினதும் மறுபடி பின்னாடி திரும்பினார். "போன மாசம் நானூத்தம்பது வாங்கினவதானே நீ? ஒரு மாசமா என்னத்தக் கிழிச்ச? உன்கூடப் படிக்கறவங்க எல்லாம்..."

ஆஃப்.

"பரவால்ல மேடம். நியூட்ரல் போடுங்க. ஆங், அவ்ளோதான்."

"அந்த போனை முதல்ல பிடுங்கி வச்சாதான் நீ..."

ஆஃப்.

மார்க்கெட் தாண்டறதுக்குள்ள நாலு தடவை ஆச்சு. ரெண்டு மாசமா கத்துக்கிட்டும் ஒரே ரோட்ல நாலு தடவை நிறுத்தினா, வேற மாஸ்டரா இருந்தா இறங்கி நடந்தே போயிருப்பார். இவர் ஒவ்வொரு தடவையும் 'பரவால்ல மேடம்'னார். அந்தப் பொறுமையில கால்வாசி பின் சீட்டுக்கு வந்திருந்தாக்கூட மகள் துப்பட்டாவால கண்ணைத் துடைச்சிருக்க மாட்டா.

"நான் எழுதலப்பா." ஜன்னலைப் பாத்துக்கிட்டே சொன்னா. "ஹால் டிக்கெட் வந்தாலும் கிழிச்சுப் போட்டுடறேன். ஆளை விடுங்க."

"எழுதாத. யாரு உன்னைக் கெஞ்சறா? இங்க என்ன..."

ஆஃப். இந்தத் தடவை ரவுண்டானா பக்கத்துல, பாதி ரோட்டை அடைச்சுக்கிட்டு.

மேடம் ஸ்டியரிங் மேல நெத்தியைச் சாய்ச்சுட்டாங்க. "எனக்கு வராது சார். நானும் டெஸ்ட்டுக்குப் போகல. என் பேரை அடிச்சுடுங்க."

அப்பா பதறிட்டார். "என்ன மேடம் இப்படிப் பேசறீங்க? இது பழகற வண்டி. தப்பு பண்றதுக்குன்னே வச்சிருக்கோம். இதுல பண்ணாம வேற எதுல பண்ணுவீங்க? டெஸ்ட் அன்னிக்கு ஓடினா போதும்."

"நீங்க ஒரு வார்த்தைகூடத் திட்ட மாட்டேங்கறீங்களே சார்."

"திட்டினா கால் நடுங்கும். கால் நடுங்கினா கிளட்ச் நிக்காது. இருபது வருஷமா இதே சீட்ல உக்காந்திருக்கேன், இதுகூடவா தெரியாது எனக்கு?"

"பாப்பாவுக்குக் கை நடுங்காதா சார்?"

வெளிய நாலு பக்கமும் ஹார்ன்.

மேடம் சாவியைத் திருப்பினாங்க. வண்டி கிளம்பி நாலு தெரு தாண்டினப்புறம் அப்பா தொண்டையைச் செருமினார். திரும்பல. முன்னாடி ரோட்டைப் பாத்தபடியே கேட்டார்.

"எங்கடி போச்சு மார்க்கு?"

"இயற்பியல்ல ஒரு கணக்குப்பா. வந்துடும் வந்துடும்னு இருபது நிமிஷம் அதுலயே உக்காந்துட்டேன். அப்புறம் பதட்டத்துல எதுவும் ஓடல. கடைசி அறுபது கேள்வியைப் படிக்கவே இல்ல."

"படிச்சதுல?"

"முக்காவாசி சரி."

அப்பா கொஞ்ச நேரம் கணக்குப் போட்டார். "அப்ப பாடம் தெரியாம இல்ல."

"ம்ஹும்."

"முன்னாடி ஒரு லாரி பஞ்சராகி நின்னா, நாமளும் அது பின்னாடியே நிப்போமா? ஒதுங்கிப் போயிட்டே இருக்கணும். அறுபது கேள்வியையும் முடிச்சுட்டுத் திரும்பி வா. அதுக்குள்ள லாரியே போயிருக்கும்."

"கணக்கு எங்கப்பா போகும்?"

"வாய் மட்டும் ஓடுது, பாத்தீங்களா மேடம்?"

மகள் மூக்கை உறிஞ்சிக்கிட்டே சிரிச்சுட்டா.

"ஞாயித்துக்கிழமை இன்னொரு மாதிரிப் பரீட்சை இருக்குல்ல? போய் எழுது. ஹால் டிக்கெட் வந்ததும் பத்திரமா எடுத்து வை."

அதுக்கப்புறம் டிரைவிங் ஸ்கூல் போய்ச் சேர்ற வரைக்கும் வண்டி ஒரு தடவைகூட ஆஃப் ஆகல. பேச்சு மும்முரத்துல அப்பா அதை கவனிக்கல.

ஸ்கூல் வாசல்ல ரெண்டு வேன் நின்னுச்சு. நடுவுல ஒரு கார் நுழையற இடம்தான். அப்பாவும் மகளும் இறங்கினாங்க.

"இறங்கிக்கோங்க மேடம், உங்களுக்குக் கஷ்டம். நான் உள்ள விட்டுடறேன்"னு அப்பா டிரைவர் பக்கம் சுத்தி வர்றதுக்குள்ள, வண்டி ரிவர்ஸ்ல வழுக்கிட்டுப் போய், ரெண்டு வேனுக்கும் நடுவுல, ஒரு குலுக்கல் இல்லாம நேரா நின்னுடுச்சு. ரெண்டு பக்கமும் ஒரு முழம்தான் இடைவெளி.

அப்பா அந்த இடைவெளியையே குனிஞ்சு குனிஞ்சு பாத்துக்கிட்டிருந்தார்.

"ஆன்ட்டி, இவ்ளோ சூப்பரா ஓட்டறீங்க. வழியெல்லாம் ஏன் ஆஃப் ஆச்சு?" மகள் கேட்டா.

மேடம் ஹேண்ட்பேக்கைத் தோள்ல மாட்டிக்கிட்டு, குரலைத் தணிச்சு சொன்னாங்க. "உங்கப்பா உன்னைத் திட்டத் திரும்பும்போதெல்லாம், அவரை முன்னாடி திருப்ப எனக்கு வேற வழி தெரியல கண்ணு."